வேலூரில் படித்த டாக்டர்கள். வைத்தியம் பார்த்ததோ கிராமத்துப் பெண்கள்!

மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் தாராவி, சயான், மாட்டுங்கா எங்கும் தண்ணீர்க்காடு. ரயில் நின்றுவிடும், ஆபீசுக்குப் போனவர் வீடு திரும்ப முடியாது. அதே மழை தங்களுக்கு வராதா என்று, காட் மலைக்கு அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாலுகாக்கள் பல உண்டு. மேகத்தில் இருக்கும் நீரையெல்லாம் மலை இந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. அப்படி வாடும் தாலுகாக்களில் ஒன்று ஜாம்கேட்.

அகமத்நகர் மாவட்டத்தில், மாவட்டத் தலைநகரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது இந்தச் சின்ன ஊர். 2024-ல் மாவட்டத்துக்கு அகில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள். ராணி அகில்யாபாய் ஹோல்கர் பிறந்த சௌண்டி கிராமம் ஜாம்கேட் தாலுகாவில்தான் உள்ளது.

1970-ல் இந்த ஊருக்கு ஒரு டாக்டர் தம்பதி வந்து சேர்ந்தார்கள். இருவரும் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1959-ல் பட்டம் பெற்றவர்கள். ஆஸ்பத்திரி தொடங்க அவர்களுக்குக் கிடைத்த இடம், மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து வந்த பழைய கால்நடை மருந்தகம்!

கணவர் பெயர் ரஜனிகாந்த் ஆரோளே. (நம் நடிகருக்கு அந்தப் பெயர் வருவதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே இவருக்கு வைத்தாகிவிட்டது.) இதே மாவட்டத்தின் சுபா கிராமத்தில் 1934-ல் பிறந்தவர். மனைவி மேபல் 1935-ல் ஜபல்பூரில் பிறந்தவர். தந்தை ராஜப்பன் இம்மானுவேல், தாய் பியாட்ரிஸ் குணரத்தினம். பெயர்களிலேயே தென்னாட்டு வாசம் வீசுகிறது.

வேலூர்க் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கட்டரைப் பற்றி வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1918-ல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் ஆண்களுக்கு இடம் கிடைத்தது 1947-ல்தான். நோயாளி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திராமல், வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தவர் அவர். அந்தக் கல்லூரியின் பிள்ளைகள் ரஜனிகாந்தும் மேபலும். ஐடா காலமான 1960-ல் இவர்களுக்குத் திருமணம் நடந்தது. கிராமத்து ஏழைகளுக்கே இனி உழைப்பது என்று திருமண நாளிலேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

ஆறவே ஆறாத புண்

முதலில் வேலை பார்த்தது வடாலா மிஷன் ஆஸ்பத்திரியில். மாட்டுங்காவுக்கு அடுத்துள்ள வடாலா அல்ல. அகமத்நகர் மாவட்டத்து வடாலா. இரவும் பகலும் உழைத்தார்கள். பிரசவம், பாம்புக்கடி, எலும்பு முறிவு, குடல் ஆபரேஷன் என்று எதுவும் விடவில்லை. சின்ன ஊர் டாக்டருக்கு, இது என் பிரிவு அல்ல, வேறு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல வழியில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவர்களை உறுத்தியது. வயிற்றுப்போக்கு நின்று வீட்டுக்குப் போன குழந்தை சில வாரங்களில் அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தது. சில குழந்தைகள் திரும்பியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் பெருகியதே தவிர, சுற்றிலும் உள்ள கிராமங்களில் சாவு குறையவில்லை. வந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுத்திருக்கக் கூடியவை.

மேல்படிப்புக்கு இருவரும் அமெரிக்கா சென்றார்கள். மருத்துவத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற பின், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் டாலரில் சம்பாதித்திருக்கலாம். படிப்பு முடிந்த கையோடு ஊர் திரும்பினார்கள். ஊரார் அழைக்கும் இடத்துக்கே போவது என்று தீர்மானித்திருந்தார்கள். ஜாம்கேட் பெரியவர்கள் அழைத்தார்கள்.

மருந்து அல்ல, தண்ணீர்

வந்த சிறிது காலத்தில் மகாராஷ்டிரத்தை உலுக்கிய கொடும் பஞ்சம் வந்தது. 1972 பஞ்சம் என்றால் இன்றும் மராத்திக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். கிணறுகள் வற்றின. மாடுகள் செத்தன. குடும்பம் குடும்பமாக மக்கள் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களுக்கு அந்த ரயில் பயணம் தெரியாததல்ல. அரசு நடத்திய கல்லுடைக்கும் வேலைகளிலிருந்து வளர்ந்ததுதான், பிற்பாடு நாடு முழுவதும் பரவிய வேலை உறுதித் திட்டம்.

அந்த நேரத்தில் ஜாம்கேட் மக்கள் டாக்டரிடம் கேட்டது மாத்திரை அல்ல, சோறும் தண்ணீரும். டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தைகளுக்குச் சமையல்கூடம் ஏற்பாடு செய்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட இயந்திரம் வரவழைத்தார்கள்.

இங்கேதான் ஆரோளே ஒரு காரியம் செய்தார். நம் பக்கத்தில் ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்திருப்பதைப் போல அங்கேயும் உண்டு. பொதுக் கிணற்றில் தலித் மக்கள் நீர் இறைக்கக் கூடாது. யாராவது இரங்கி ஊற்றும் வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். ஆரோளே அடிபம்புகளைத் தலித் குடியிருப்புகளில் போட வைத்தார். தண்ணீர் வேண்டுமா? அங்கே வந்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான். தாகத்துக்கு முன்னால் தீட்டு எத்தனை நாள் நிற்கும்? மற்ற சாதிப் பெண்களும் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

கிணற்றடியில் தள்ளி நின்ற கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் தாராவியில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த அடிபம்பின் அருமை புரியும்.

சாதி பார்க்காமல் இளைஞர்களை ஓரிடத்தில் சேர்க்க வாலிபால் ஆட்டமும் உதவியது. ஆட்டம் முடிந்ததும் பேச்சு. பேச்சிலிருந்து விவசாயிகள் சங்கம் பிறந்தது. பிறகு மாதர் சங்கம்.

நர்சுகளால் ஆகாதது

கிராமத்துக்கு ஒரு நர்சை அனுப்புவது என்பதே டாக்டர்களின் முதல் திட்டம். அது தோற்றது. நர்சுகள் வெளியூர்ப் பெண்கள், இளம் வயதினர். முன்பின் தெரியாத கிராமத்தில் தனியாகத் தங்க அஞ்சினார்கள். ஊர்ப் பெண்களும் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை வளர்ப்பு என்ன தெரியும் என்று எந்த மாமியாரும் கேட்கத்தானே செய்வார்?

ஊரிலேயே உள்ள ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. ஊர் மக்களே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள். விதவைகள் இருந்தார்கள், கணவன் கைவிட்டவர்களும் இருந்தார்கள். ஐந்தரை ஆண்டு படித்துப் பெற்ற வித்தையை இவர்களிடம் கொடுப்பதா என்று மற்ற டாக்டர்கள் சிரித்திருந்தால் ஆச்சரியமில்லை. மேபல் சிரிக்கவில்லை, உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வர வேண்டும். ஓர் இரவு தங்க வேண்டும். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுத்தார்கள். சிலருக்கு முதல் வாரங்களில் சோறு இறங்கவில்லை என்றால் அது மனித சுபாவம். பிறகு பழகிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான். சொன்னதைப் பாட்டாகக் கட்டி மனதில் ஏற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் கற்றது என்ன? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். (1971-ல் வங்காள எல்லையில் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் காலராவை எதிர்த்து நின்றதும் இதே வகைக் கரைசலை நம்பித்தான்.) பிரசவத்தில் தொப்புள்கொடியை அறுக்க, கொதிக்க வைத்த பிளேடும் நூலும் வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை. தேமல் போல் தோன்றி உணர்ச்சியற்ற இடம் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம். உடனே சொல்ல வேண்டும். தொழுநோயாளியை ஊரை விட்டு விரட்டாமல், வீட்டில் வைத்தே குணப்படுத்துவது ஜாம்கேட்டின் வழக்கம் ஆயிற்று.

மருந்தைவிடக் கடினமானது பழைய நம்பிக்கை. நம் ஊரில் அம்மை என்று கும்பிடுகிறோம்; மராத்தியில் தேவி. சீம்பாலை ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் நம் கிராமங்களிலும் இருந்ததுதானே? இதையெல்லாம் வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதே தெருவில் அதே அடுப்பில் ரொட்டி தட்டும் பெண், என் பேரனுக்கு நான் கொடுத்தேன், பார் என்று சொன்னால் நம்புவார்கள்.

டாக்டர்களுக்கு வேலை குறைந்துவிடவில்லை. கிராமத்தில் தீராததைப் பார்க்க அவர்கள் பின்னால் நின்றார்கள். சிக்கலான பிரசவமும் ஆபரேஷனும் ஜாம்கேட்டுக்கு வந்தன. கால் இழந்தவர்களுக்கு ஜெய்ப்பூர் கால் செய்யும் பட்டறையும் அங்கே எழுந்தது. செய்தவர்கள் உள்ளூர் ஆட்களே.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் எடுத்துக்கொண்டது சுமார் 30 கிராமங்கள். 40 ஆயிரம் மக்கள். திட்டத்தார் வைத்திருந்த கணக்கின்படி, 1971-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 176 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. ஆறில் ஒன்றுக்கும் மேல்! 1976-ல் அது 52 ஆகக் குறைந்தது. ஐந்தே ஆண்டுகள். இடையில் ஒரு பஞ்சம் வேறு.

1975-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட்டுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. 1978-ல் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, எல்லோருக்கும் ஆரம்பச் சுகாதாரம் என்று அறிவித்தபோது, முன்மாதிரியாகப் பேசப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1979-ல் தம்பதிக்கு மக்சேசே விருது கிடைத்தது.

விருதைவிட ருசியான சம்பவம் ஒன்று உண்டு. 1988-ல் வாஷிங்டனில் ஒரு சர்வதேசச் சுகாதார மாநாடு. ஜாம்கேட் கிராம சுகாதாரப் பணியாளர் முக்தாபாய் போல் மேடையேறினார். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்குகளைக் காட்டி, டாக்டர்கள் இவற்றைப் போல. அழகானவர்கள், ஆனால் விலை அதிகம், எட்டாத உயரம் என்ற பொருளில் பேசினார். பிறகு கையோடு கொண்டுபோன திரி விளக்கை ஏற்றி, அதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினார். எங்கள் விளக்கு மலிவு. ஒன்றிலிருந்து ஒன்றை ஏற்றலாம். சரவிளக்கால் அது முடியாது என்றார். நாடு நாடாக வந்திருந்த நிபுணர்கள் முன்னால், ஒரு கிராமத்துப் பெண் பேசிய பேச்சு இது.

மேபல் 1999-ல் காலமானார். ரஜனிகாந்த் 2011 மே மாதம் மறைந்தார். மகள் டாக்டர் ஷோபாவும் மகன் ரவியும் பணியை ஏற்றார்கள். பல நாடுகளிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் ஜாம்கேட்டுக்கு வந்து பாடம் படித்தார்கள். பாடம் சொன்னவர்களில் எழுத்தறியாத பாட்டிகளும் உண்டு.

தாராவி வாசலில்

2005-ல் மத்திய அரசு கிராமம்தோறும் ஆஷா பணியாளர் என்று ஒரு பெண்ணை நியமிக்கத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டிய முயற்சிகள் பல. சத்தீஸ்கரின் மித்தானின் திட்டம், கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியின் பணி ஆகியவற்றோடு ஜாம்கேட்டும் சேர்ந்தது. மும்பையில் மாநகராட்சியின் ஆரோக்ய சேவிகாக்கள் இருக்கிறார்கள். கையில் ரிஜிஸ்தரோடு கோலி கோலியாக ஏறி, குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்றா, இருமல் எத்தனை நாளாக என்று கேட்பவர்கள். 2020 ஏப்ரலில் தாராவியில் கொரோனா நுழைந்தபோது அந்தச் சந்துகளில் வீடு வீடாகப் போனவர்களில் இவர்களும் உண்டு. பேட்டை டாக்டர்களும் கிளினிக்கை விட்டு இறங்கி உடன் போனார்கள்.

சயான் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுக்கவே அரைநாள் சம்பளம் போகும் தொழிலாளிக்கு, வாசலுக்கு வந்து கேட்கும் ஒருவர் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

ஆனால் ஜாம்கேட்டில் இருந்த ஒன்று அரசுத் திட்டத்தில் குறைந்துபோயிற்று. அங்கே பணியாளருக்குப் பின்னால் வாரந்தோறும் பாடம் சொல்லும் டாக்டர் இருந்தார். அவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. ஆஷாவுக்கோ ரிஜிஸ்தரும் இலக்கும் உண்டு. நிலையான சம்பளம் இல்லை. செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையும் சொற்ப மதிப்பூதியமும்தான். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. 2023 அக்டோபரில் மகாராஷ்டிர ஆஷாக்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வாக்குறுதி கிடைத்தது, உத்தரவு வரவில்லை. 2024 பிப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சி.எஸ்.டி.யில் இறங்கி ஆபீசுக்கு நடந்த குமாஸ்தாக்கள் பலர் அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள். மார்ச் மாதம் அரசு மதிப்பூதியத்தை 5,000 ரூபாய் உயர்த்தியது. பெண்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.