இணையம் என்பது யாது?

இக்காலத்தில் நம் நாட்டார் நாவில் நாள்தோறும் பயிலும் சொற்களுள் இணையம் என்பதும் ஒன்று. கல்லூரி மாணவரேயன்றி, கடைத்தெருவிற் கீரை விற்கும் மூதாட்டியாரும் அதனைக் கையாளுகின்றனர். ஆயினும், அஃது யாது, எங்கே இருக்கின்றது என்று வினவுவார்க்கு விடையிறுப்போர் நம்முள் மிகச் சிலரே. அது வானத்தில் இருக்கின்றது என்று கூறிவிடுவோரும் உளர். யானும் சென்ற ஆண்டு வரை அவருள் ஒருவனாகவே இருந்தேன். என் பெரிய தந்தையார் ஒருநாள் என்னை நோக்கி, "தம்பி, என் பணம் எந்த வழியாகப் போயிற்று?" என்று கேட்டபோதே இதனை ஆராய்ந்தறிதல் வேண்டுமென்னும் எண்ணம் எனக்குண்டாயிற்று. அப்பணம் போன வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

ஓரிடத்துள்ள கம்ப்யூட்டர்கள் சிலவற்றை ஒன்றோடொன்று பிணைத்தால் அது ஒரு வலை. அத்தகைய வலைகள் பலவற்றைத் தம்முள் இணைத்த பெருவலையே இன்டர்நெட். இதற்கு இணையம் என்னும் அழகிய பெயரை இட்டவர் சிங்கப்பூர்த் தமிழறிஞர் நா. கோவிந்தசாமி என்பர். இப்பெருவலை முழுவதற்கும் உடையவர் என ஒருவரில்லை. அரசாங்கங்களும், கம்பெனிகளும், பல்கலைக்கழகங்களும் தத்தம் வலையைத் தாமே நடத்துகின்றன. செய்தியை வாங்குதற்கும் விடுத்தற்கும் உரிய விதிகளில் மட்டும் எல்லாரும் உடன்பட்டு நிற்கின்றனர்.

இதன் தொடக்கம் எளியதே. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன் என்பார், சுமார் 350 மைலுக்கப்பாலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றார். அச்சொல்லின் முதலிரண்டு ஆங்கில எழுத்துக்கள் சென்று சேர்ந்தவளவில் அங்கிருந்த இயந்திரம் நின்றுவிட்டது! சுமார் ஒருமணி நேரத்திற்குப்பின் முழுச்சொல்லும் சென்றது. அன்று இரண்டெழுத்தோடு நின்ற வலையே இன்று உலகத்தை வளைத்துக் கிடக்கின்றது.

இனி, செய்தி எங்ஙனம் செல்கின்றது என்பதைக் காண்போம். இதுவே இப்பொருளின் உயிர்நிலை. நாம் டெலிபோனிற் பேசிய பழைய முறையில், பேசி முடியுமளவும் ஒரு கம்பிவழி நம் இருவருக்கே உரியதாயிருந்தது. இணையத்தில் அங்ஙனமன்று. ஒருவர் தம் நண்பர்க்கு நீண்டதொரு கடிதத்தைத் தபால் கார்டுகளிலேயே எழுதியனுப்ப விரும்பினார் என்று கொள்வோம். கடிதத்தைப் பல துண்டாக்கி, கார்டு ஒவ்வொன்றிலும் பெறுவார் விலாசமும், தம் விலாசமும், 1, 2, 3 என்னும் வரிசை எண்ணும் இட்டுப் பெட்டியிற் சேர்ப்பார். ஒரு கார்டு திருச்சி வழியாகவும், மற்றொன்று சேலம் வழியாகவும் போகலாம். மூன்றாவது முதலாவதற்கு முந்தியும் வரலாம். பெற்றவர் எண்ணைப் பார்த்து அடுக்கிப் படிப்பார்; ஒன்று வாராவிடின், வந்தவற்றிற்கு மட்டும் அவர் ஒப்புகை எழுத, அனுப்பியவர் குறைந்ததனை மீண்டும் விடுப்பார். இணையத்திலும் இதுவே நடக்கின்றது. ஒரு கார்டு பெரும்பாலும் 1,500 பைட் அளவினது. 'க' என்னும் எழுத்து 3 பைட் கொள்ளும். 'கி' என்பது 6 கொள்ளும். ஆகவே, ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் சில கார்டுகளில் அடங்கிவிடும். சினிமாப் படமொன்றுக்கோ பல லட்சம் கார்டுகள் வேண்டும். வழியிலுள்ள நிலையங்கள் விலாசத்தை மாத்திரம் நோக்கி அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். இவ்விதிகளை வின்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இருவர் வகுத்து 1974-இல் வெளியிட்டனர். 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அமெரிக்க ஆராய்ச்சி வலை இவற்றை மேற்கொண்டது.

இணையமும் 'வெப்' என்னும் வையவிரிவு வலையும் ஒன்றென எண்ணுவார் பலர். அது பொருந்தாது. முன்னது சாலை, பின்னது அச்சாலையில் ஓடும் வண்டிகளுள் ஒன்று. அவ்வண்டியை ஆக்கியவர், ஜெனீவா நகரை அடுத்த 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்திலிருந்த டிம் பெர்னர்ஸ்-லீ. 1989-இல் அவர் கருத்தை வெளியிட்டார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் அந்நிலையத்தார் அதனைக் காசின்றி யாவரும் கையாளலாமென அறிவித்தனர். நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வானத்தில் உள்ளது என்னும் கொள்கைக்கு வருவோம். கைப்போனிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையிற்றான் செய்தி காற்றிற் பறக்கின்றது. அதற்குமேல் பெரும்பாலும் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளில் ஒளித்துடிப்பாக ஓடுகின்றது. கடல் குறுக்கிடின் கடலடியிற் கிடக்கும் கேபிளுள் ஓடுகின்றது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இட்ட கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடியில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லுமாதலின், அத்தொலைவைக் கடக்க ஒரு விநாடியின் ஆயிரத்திற் பதினாறு பங்கே செல்லும். மெரீனாவில் நின்று அலைகளை நோக்குவார்க்கு இஃது ஒருபோதும் தோன்றுவதில்லை. 2008 ஜனவரி மாத இறுதியில் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவின் அருகே கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் இணையம் பெரிதும் தளர்ந்து போயிற்று.

இதனால் விளையும் பயன்களை விரித்தல் மிகை. ரயில் டிக்கெட்டுக்கு விடியலில் வரிசை நிற்றலும், பரீட்சை முடிவுக்குப் பத்திரிகையை எதிர்நோக்கலும் அருகின. தமிழ்மாணவர்க்கு ஒன்று மட்டும் சொல்வேன்: 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், அன்பர் பலர் ஊதியமின்றி உழைத்ததனால், நம் பழநூல்களை யாவரும் விலையின்றிப் பெறுமாறு வைத்துள்ளனர்.

இனிப் பணத்தின் வரலாறு. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையாற் பணம் அனுப்புதல் எளிதாயிற்று. என் பெரிய தந்தையார் தம் பழைய தையல் இயந்திரத்தை விற்க விரும்பினார். அதனை வாங்குவதாகப் போனிற் பேசிய ஒருவன், ஒரு கட்டக்குறிப் படத்தை விடுத்து, "இதனைக் காமிராவாற் படித்து இரகசிய எண்ணை இடுங்கள், 4,000 ரூபாய் தங்களுக்கு வரும்" என்றான். அவரும் அவ்வாறே செய்தார். பணம் வரவில்லை, 4,000 ரூபாய் போயிற்று. பணத்தைப் பெறுதற்கு இரகசிய எண் ஒருபோதும் வேண்டுவதில்லை, கொடுத்தற்கே வேண்டும். இவ்வொன்றை அறியாமையால் வந்த கேடிது. உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவித்திருப்பின் பணம் தடுக்கப்பட்டிருக்கலாம். அவரோ வெட்கத்தால் இரண்டு நாள் எவரிடமும் சொல்லவில்லை.

விலாசத்தின் பக்கத்தே தோன்றும் பூட்டுக்குறியை நம்பி ஏமாறுவாரும் உளர். அக்கடிதம் வழியிற் பிறர் பிரியாதவாறு முத்திரையிடப்பட்டது என்பதே அதன் பொருள். பெறுபவன் யோக்கியன் என்பதன்று. திருடனும் தன் வாயிலிற் பூட்டுத் தொங்கவிடலாமன்றோ?

பெரிய தந்தையார் கேட்ட வினாவிற்கு யான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருந்து இவற்றையெல்லாம் விளக்கினேன். தபால் கார்டு உவமையை அவர் மிகவும் விரும்பினார். இறுதியில், "பணம் போன வழி தெரிந்தது, திரும்பும் வழியும் அதில் உண்டோ?" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. இன்றும் அவர் பாங்குக்கு நேரிற் சென்றே பணம் கட்டுகின்றார். ஆனால் இரவில், அதே போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மதுரைத் திட்டத்து நூல்களை ஒவ்வொன்றாகப் படித்து வருகின்றார்.