காவிரிப் படுகையின் பயிர்ப்பெயர்களும் பருவ மாற்றமும்

நெல்லின் பெயர்கள் பலவற்றிற்கு நம் அகராதிகள் 'நெல்வகை' என்னும் அளவிலேயே பொருள் கூறி அமைகின்றன. அப்பெயர்களுள் பருவமும் நீர்நிலையும் பொதிந்திருத்தலைக் காவிரிப் படுகையின் வழக்குக் கொண்டு இவண் ஆராய்வாம்.

குறுகிய நாளில் விளைவது குறுவை. அதனை அறுத்தபின் எஞ்சிய தாளின் அடியை உழுது நடுவது தாளடி. ஒரு போகமாக நெடுநாள் நின்று விளைவது சம்பா. இவற்றுள் முன்னைய இரண்டும் சூன் திங்களில் ஆற்றில் நீர் வரும் என்னும் உறுதியைப் பற்றி நிற்பன. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் சூன் 12 நீர்திறப்பு நாளாக வழங்கலாயிற்று. அவ்வுறுதி இன்று தளர்ந்துள்ளது. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்பெறவில்லை. 2022-இலோ மே 24-ஆம் நாளே திறக்கப்பெற்றது. மழையின் பிறழ்ச்சியே இதற்கு முழுக் காரணம் அன்று. நீர்ப்பங்கீட்டு வழக்கும் உண்டு. உழவனுக்கு விளைவு ஒன்றே.

நீர் பிந்தின், நாற்றங்கால் இடாது, உழுது உலர்ந்த நிலத்தில் விதையைத் தெளித்து மழையை நோக்கியிருத்தல் ஒரு வழி. 'சேற்றுக்கால்' என்பதற்கு மறுதலையாகப் 'புழுதிக்கால்' என இதனை வழங்குவர். நீர்ச்செலவு குறையும்; களை மிகும்.

வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களில் வேறொரு முறை இருந்தது. குறுவை விதையோடு ஒட்டடையான் என்னும் நெடுநாள் நெல்லைச் சிறுபகுதி கலந்து ஒருங்கே நடுவர். குறுவையை அறுத்தபின் ஒட்டடையான் தழைத்துத் தை, மாசியில் விளையும். இதன் நுட்பம் எளிது. ஐப்பசி மழையில் புதிதாக நட்ட தாளடி நாற்று மூழ்கி அழுகும். முன்பே வேரூன்றிய ஒட்டடையானோ தாங்கி நிற்கும். இருபோகச் சாகுபடி பரவப் பரவ இம்முறை அருகிற்று. விளைச்சல் மிகுதியை நாடினாரைக் குறைகூறுதல் முறையன்று எனினும், வெள்ளத்திற்கு அஞ்சாத ஒரு வழி அதனோடு கைவிடப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை.

பழைய வித்துகள் காட்சிப்பொருள்கள் மட்டும் அல்ல. ஒடிசாவின் பழைய நெல்லொன்றினின்று பெறப்பட்ட எப்.ஆர். 13 ஏ என்னும் வகையிலிருந்தே, ஏறத்தாழ இரு வாரம் நீரில் மூழ்கியும் பிழைக்கும் மரபுக்கூறு கண்டெடுக்கப்பட்டது. அக்கூற்றைக் கொண்ட சுவர்ணா சப் 1 என்னும் நெல் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பெற்றது. நம் சம்பாப் பருவத்திற்குரிய சி.ஆர். 1009 நெல்லிலும் அது பின்னர்ச் சேர்க்கப்பெற்றது.

ஆதலின் நெற்பெயர் தொகுப்பார், ஒவ்வொரு பெயரோடும் விளையும் நாள், நிலத்தின் மேடுபள்ளம், நீர் தாங்கும் அளவு ஆகியவற்றையும் முதிய உழவரிடம் கேட்டுக் குறித்தல் வேண்டும்.