கோதேரா மலையின் சாரணர்கள்

சாரணர் என்றதும் கொடியேற்றமும் அணிவகுப்பும் பாசறைத் தீயும் நம் கண்முன் தோன்றுகின்றன. கொடியும் சீருடையும் பறிக்கப்பட்டபின் எஞ்சுவது என்ன? வட இத்தாலியின் எளிய மலைநாடு ஒன்று இதற்கு விடை கூறுகிறது.

கோமகன் மாரியோ தி கார்ப்பேஞ்ஞா 1916-இல் தொடங்கிய கத்தோலிக்கச் சாரணர் சங்கம் இத்தாலியப் பங்குகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. சிறுவர் அனைவரையும் தன் 'பலில்லா' அமைப்பிலேயே வளர்க்க விரும்பிய முசோலினி அதனைப் பொறுக்கவில்லை. 1927-இல், மாகாணத் தலைநகர்கள் நீங்கலாக, 20,000-க்குக் குறைவான மக்கள் வாழ்ந்த ஊர்களில் சாரணர் குழுக்கள் கலைக்கப்பட்டன. முதல் அடி சிற்றூர்கள் மீதே விழுந்தது. 1928-இல் நகரங்களிலும் தடை வந்தது.

மிலான், மோன்சா நகர இளைஞர் சிலர் இதற்குப் பணியவில்லை. இறைவன் திருமுன் அளித்த வாக்கை அரசாணை அழித்துவிடுமோ? ஜூலியோ சேசரே உச்செல்லீனி, பின்னாளில் குருவான அந்திரேயா கெத்தி ஆகியோர் வழிநடத்த, 'அலையும் கழுகுகள்' என்ற பெயரில் அவர்கள் மறைவாகக் கூடினர். பாசிச ஆட்சியைவிட ஒரு நாளேனும் கூடுதலாக நிலைத்திருப்பது என்பதே அவர்கள் பூண்ட உறுதி.

1935 முதல் அவர்களுக்குப் புகலிடமானது கோதேரா பள்ளத்தாக்கு. கோதேரா ஊருக்கு இன்றும் வாகனச் சாலை கிடையாது. கற்படிகளில் ஏறித்தான் செல்லவேண்டும். உளவாளிகளின் கண்ணுக்கு எட்டாத அவ்விடத்தில் அவர்கள் கூடாரமடித்தனர், சீருடை அணிந்தனர், செபித்தனர்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வட இத்தாலியைக் கைப்பற்றியது. மலைவழி அறியவும் நா காக்கவும் பதினைந்து ஆண்டுகள் பழகியிருந்த இவ்விளைஞர்கள், குருக்கள் சிலரோடு இணைந்து 'ஆஸ்கார்' என்னும் உதவிப் பணியைத் தொடங்கினர். யூதர், தப்பிய போர்க்கைதிகள், அரசால் தேடப்பட்டோர் என 2,000-க்கும் மேற்பட்டோரை எல்லை கடத்திச் சுவிட்சர்லாந்தில் சேர்த்தனர். 1945-இல் ஆட்சி வீழ்ந்தபோது, பழிவாங்கலுக்கு அஞ்சிய எதிரிகளையும் பாதுகாத்தனர். பகைவரை நேசிக்கும் கட்டளை அவர்களுக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை.

பெற்றோரே, நாளுக்கொரு நற்செயல் என்பதைச் சிறுவர் விளையாட்டு என எண்ணிவிடுகிறோம். யாரும் காணாதபோதும் சொன்ன சொல்லைக் காக்கும் பழக்கமே, சோதனை வேளையில் பிறர் உயிரைக் காக்கும் துணிவாக மாறுகிறது. அப்பழக்கத்திற்கு முதற்பாசறை நம் இல்லமே அன்றோ!