சுவாச மண்டலமும் கல்தூசி நோயும்

காற்றிலுள்ள ஆக்சிசனைக் குருதிக்குள் சேர்ப்பதும், உடலில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்றுவதும் சுவாச மண்டலத்தின் பணியாகும். மூக்கு, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல், அதன் கிளைக்குழல்கள், நுரையீரல்கள், உதரவிதானம் ஆகியவை இம்மண்டலத்தின் முக்கிய உறுப்புகள். குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்படும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வேளாண்மையுடன் கல் குவாரிகளும் கல் அரவை ஆலைகளும் உள்ளன. ஆகவே நுரையீரலைக் காப்பது இப்பகுதியில் தொழில் சார்ந்த ஒரு தேவையும் ஆகும்.

மூச்சு நிகழும் முறை

உதரவிதானம் சுருங்கித் தாழும்போது மார்பறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று நுரையீரலுக்குள் பாய்கிறது. உதரவிதானம் தளர்ந்து மேலெழும்போது காற்று வெளியேறுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று உட்செல்கிறது.

வலது நுரையீரல் மூன்று மடல்களும் இடது நுரையீரல் இரண்டு மடல்களும் கொண்டவை. இவற்றின் உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. இவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே ஆக்சிசன் குருதிக்குள் செல்கிறது, கரியமில வாயு வெளிவருகிறது. உள்ளிழுக்கும் காற்றில் சுமார் 21 விழுக்காடு ஆக்சிசனும், வெளிவிடும் காற்றில் சுமார் 16 விழுக்காடு ஆக்சிசனும் இருக்கும்.

இயற்கையான பாதுகாப்பு

மூக்கிலுள்ள முடிகள் பெரிய தூசிகளைத் தடுக்கின்றன. மூச்சுக்குழலின் சளிப்படலத்தில் ஒட்டும் தூசியை அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இருமல் அதனை வெளியேற்றுகிறது. பீடி, சிகரெட் புகை இந்த மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்யும்.

கல்தூசி செய்யும் தீங்கு

கருங்கல்லில் குவார்ட்சு எனும் படிகச் சிலிக்கா கலந்துள்ளது. கல்லைத் துளையிடும்போதும், உடைக்கும்போதும், அரைக்கும்போதும் இது தூசியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களே ஆபத்தானவை. அவை நுண்ணறை வரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் அழிகின்றன. அந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டு, நுரையீரல் திசு தழும்பாகி விறைக்கிறது. இந்நோய் சிலிக்கோசிஸ் எனப்படும்.

பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ தூசியில் வேலை செய்த பிறகே நோய் வெளிப்படும். தூசி மிக அதிகமாக இருந்தால் அதற்கு முன்பே வரலாம். மேடேறும்போது மூச்சிரைப்பு, வறட்டு இருமல், களைப்பு ஆகியவை அறிகுறிகள். தழும்பான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. இந்நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். இரண்டுக்கும் இருமல் பொதுவான அறிகுறி என்பதால், மருத்துவரிடம் தாம் செய்யும் வேலையைச் சொல்வது மிக அவசியம்.

சிலிக்கோசிஸ் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. எனவே வேலை செய்த இடம், ஆண்டுகள் ஆகியவற்றுக்கான சான்றுகளையும் மார்பு எக்ஸ்ரே படங்களையும் தொழிலாளர்கள் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

அடுப்புப் புகை

விறகும் வறட்டியும் எரியும்போது வரும் புகையிலும் நுண்துகள்கள் உண்டு. சன்னல் இல்லாத சமையலறையில் நாள்தோறும் அதனைச் சுவாசிக்கும் பெண்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோயும், குழந்தைகளுக்கு நிமோனியாவும் வரக்கூடும்.

பாதுகாக்கும் வழிகள்

• தூசியைத் தோன்றும் இடத்திலேயே அடக்குவதே முதன்மையான வழி. நீர் பாய்ச்சித் துளையிடுதல், அரவை இயந்திரத்தை மூடி நீர் தெளித்தல் ஆகியவை தூசியைப் பெரிதும் குறைக்கும்.
• முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் தேவை.
• வேலை உடையுடன் வீட்டிற்குள் சென்று குழந்தைகளைத் தூக்கக் கூடாது. குளித்து உடை மாற்றுவது நல்லது.
• புகையிலையை முற்றிலும் விட வேண்டும்.
• கல் வேலை செய்வோர் குறித்த கால இடைவெளியில் எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.
• இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம்.

மூச்சுப்பயிற்சி நுரையீரலின் திறனைப் பேண உதவும். உள்ளே படிந்த சிலிக்காவை அதனால் அகற்ற இயலாது. தூசி உட்செல்லாமல் தடுப்பதே இந்நோய்க்கு உள்ள உறுதியான காப்பாகும்.