தொண்டர்களைப் பாராட்டும் நாள்: நெய்யாற்றின்கரைக் கடலோரம் காட்டும் பாடம்

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, காட்டாக்கடைப் பகுதியைக் கடந்து, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டு, பூவாறு என்னும் சிற்றூரில் கடலோடு கலக்கிறது. அதற்குத் தெற்கே பொழியூர்; பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது எல்லைக்கோடு இவ்வூர்களுக்கு இடையே விழுந்தது. எனினும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சும், கட்டுமர வழி வந்த கடல்தொழிலும் இருபுறத்தும் ஒன்றே.

2018 ஆகஸ்டு மாத நடுவில் பெய்த பெருமழையில் கேரளத்தின் ஆறுகள் கரை மீறின. செங்கன்னூர், ஆறன்முளை, பாண்டநாடு ஆகிய பகுதிகளில் வீடுகளின் மேல்மாடிகளில் மக்கள் சிக்கிக்கொண்டனர். பூவாறு, விழிஞம், பூந்துறை முதலிய திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வெள்ளத்தை நோக்கி இரவோடு இரவாகப் புறப்பட்டனர். காற்றடைத்த மீட்புப் படகுகள் மூழ்கிய மதில்களிலும் இரும்புக் கதவுகளிலும் கிழிபட்ட இடங்களில், கண்ணாடி இழையால் ஆன இவ்வள்ளங்கள் உள்ளே சென்றன. அலையை முறித்துக் கடலில் இறங்கிப் பழகிய கைகளுக்கு, தெருக்களில் சுழித்தோடிய நீரின் போக்கும் விளங்கியது. அப்போது வெளியான கணக்கின்படி, மாநிலம் முழுவதிலுமிருந்து 669 படகுகளும் ஏறத்தாழ 4,500 மீனவர்களும் இப்பணியில் ஈடுபட்டனர். அவர்கள் காப்பாற்றியோர் சுமார் 65,000 பேர்.

அம்மாதம் 29ஆம் நாள் திருவனந்தபுரம் நிசாகந்தி அரங்கில் மாநில அரசு இம்மீனவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் ஏற்கனவே இவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று குறிப்பிட்டிருந்தார். படகு ஒன்றுக்கு எரிபொருளும் நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் வழங்கப்படும், சேதமுற்ற படகுகளை அரசே பழுதுபார்க்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. மீனவர் சிலர் பணத்தை மறுத்தனர். உடன்பிறந்தோரைக் காப்பாற்றியதற்குக் கூலி வாங்குவதில்லை என்று கொச்சிப் பகுதி மீனவர் ஒருவர் கூறிய சொற்கள் நாடெங்கும் பரவின.

இம்மறுப்பு போற்றத்தக்கதே. ஆயினும், பொருளியல் நோக்கில் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தென்கேரளக் கரையில் ஆகஸ்டு மாதம் சிறுவள்ளக்காரர்களுக்கு வருமானம் தரும் பருவம். அந்நாட்களில் கடலுக்குச் செல்லாதவர் அன்றைய வருவாயை இழக்கிறார். வள்ளத்தின் அடிப்பகுதி மதிலில் மோதி உடைந்தால், அடுத்த வாரத்தின் வருவாயும் போகிறது. பலருக்கு எஞ்சின் கடனில் வாங்கியது. தொண்டு என்பது செலவில்லாத உழைப்பு அன்று. அதன் செலவைத் தொண்டரே ஏற்றுக்கொள்வதால் அது கணக்கில் வருவதில்லை, அவ்வளவே. ஆகவே பொன்னாடையையும் இழப்பீட்டையும் ஒன்றோடொன்று குழப்புதல் தவறு. பொன்னாடை மதிப்பின் அடையாளம். பழுதுபார்ப்புச் செலவோ சமூகம் பட்ட கடன். அதைக் கூலி என்று பெயரிட்டு வழங்கினால் மானமுள்ளவர் மறுக்கத்தான் செய்வர்.

பாராட்டப்பட்டோரின் நினைவில் மற்றொரு செய்தியும் இருந்திருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, இதே கரையைச் சேர்ந்தவர்கள் நடுக்கடலில் தத்தளித்தனர். புயலின் எச்சரிக்கை கரையை எட்டுமுன்பே பலர் ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டனர். கேரளம், தமிழ்நாடு இரு மாநிலங்களிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் திரும்பவேயில்லை. மீட்புப் பணியின் தாமதத்தைக் கண்டித்து ஊர்மக்கள் சாலையில் அமர்ந்தனர். மீனவர்கள் தாமே வள்ளங்களை எடுத்துக்கொண்டு தேடச் சென்றனர். ஒன்பது மாதங்கள் கூட நிறைவுறாத நிலையில், அதே வள்ளங்கள் உள்நாட்டு மக்களைத் தேடிச் சென்றன என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

பாராட்டு விழாவைத் தொடர்ந்து நடப்பது எது என்பதைப் பொறுத்தே அவ்விழாவின் பயன் அமையும். கேரள அரசு 2020இல் நூறு பேருக்கு ஒருவர் வீதம் 3,40,000 பேர் கொண்ட சமூகத் தொண்டர் படையை அமைக்க முற்பட்டது. மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் 6,000 தொண்டர்களைப் பயிற்றுவிக்கும் நோக்கத்துடன் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு இலட்சம் பேர் என்னும் அளவுக்கு விரிவாக்கப்பட்டது. பயிற்சி பெற்றோருக்கு அவசரகாலக் கருவிப் பையும் காப்பீடும் அதில் இடம்பெற்றன. காப்பீடு சேர்க்கப்பட்டமை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தொண்டர் ஏற்கும் இடரின் ஒரு பங்கையேனும் பொதுப்பணம் தாங்குகிறது.

ஊராட்சி அளவிலும் செய்யக்கூடியது உண்டு. கேரளத்தில் சிங்ஙம் முதல் நாள் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கிருஷி பவன்கள்தோறும் சிறந்த உழவர்கள் மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். காட்டாக்கடையிலும் பாறசாலையிலும் இது பழகிய வழக்கம். அம்மேடையில் ஆண்டுக்கு ஒருமுறை வள்ளக்காரருக்கும் இடமளித்து, யாரிடம் எத்தகைய வள்ளம் உள்ளது, லாரி எங்கே கிடைக்கும், யாரை அழைக்க வேண்டும் என்னும் பதிவேட்டையும் அன்றே புதுப்பிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பொழியூர்க் கரையில் இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. அங்கே கடலரிப்பு வீடுகளையும், வள்ளங்களை ஏற்றி வைக்கும் மணற்பரப்பையும் விழுங்கி வந்துள்ளது. மணற்பரப்பு இல்லையேல் வள்ளத்தை நிறுத்த இடமில்லை. அடுத்த வெள்ளத்தின்போது லாரியில் ஏற்றுவதற்கு வள்ளமும் அவ்வூரில் இராது.