சன்னலை அளந்த கணக்கு வகுப்பு

எட்டாம் வகுப்பு ‘அளவைகள்’ பாடத்தில் கூட்டு வடிவங்கள் நடத்தும்போது, அகரத்தில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்சன்னலருகே மாணவர்களை அழைத்துச் சென்றேன். திறப்பைச் சுற்றிப் பதிக்க எவ்வளவு நீள ரப்பர் பீடிங் வேண்டும் என்பதே கேள்வி.

நீளம் 60 செ.மீ., உயரம் 40 செ.மீ. செவ்வகச் சூத்திரப்படி 200 செ.மீ. என்றார்கள், நானும் அதையே ஏற்றேன். நூல் வைத்து அளந்த மாணவி ஒருத்தி 188 என்றாள். “மூலையில் நூல் விலகியிருக்கும், மறுபடி அள” என்றேன். அளந்தாள், அதே 188.

மூலையில் விலகியது நூல் அல்ல, என் கணக்கு. நான்கு மூலைகளும் 7 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டங்கள். மூலைக்கு 14 வீதம் 56 செ.மீ. குறைகிறது, நான்கு கால்வட்டங்கள் சேர்ந்த வட்டத்தின் சுற்றளவு 44 செ.மீ. கூடுகிறது. 200 – 56 + 44 = 188.

ஆரம் காண்பதும் எளிது. பக்க விளிம்புகளை ஒட்டி இரண்டு அளவுகோல்களை வையுங்கள். அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரையுள்ள தூரமே ஆரம்.

“ரயில் பெட்டிகளை இணைப்பதுபோல, எதிரெதிரே உள்ள இரண்டு சன்னல்களை ரப்பர் உறையால் இணைக்க எதை அளப்பீர்கள்?” என்று அடுத்துக் கேட்டேன். இரண்டு திறப்புகளையும் தனித்தனியே அளக்க வேண்டும், இடைவெளியை நான்கு மூலைகளிலும் பார்க்க வேண்டும் என்றார்கள். சாய்ந்திருந்தால் ஓரிடத்து அளவு போதாதே!

இப்போதெல்லாம் முதலில் நூலைக் கொடுக்கிறேன், சூத்திரம் பிறகுதான்.