ஓடுவது தரையில், பிழைப்பது கடலில்! தெரியுமா?

ஜனவரி மாதம். லண்டனில் காலை ஏழு மணியாகியும் விடியவில்லை. தலையில் சின்ன விளக்கு, கையில் கம்பளி உறை, மூச்சுக்கு மூச்சு வெண்புகை. தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறார். இன்றைய கணக்கு 18 கிலோமீட்டர். ஏப்ரலில் 42.195 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். அதே இருட்டில், நாட்டின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரைப் பாறை இடுக்கில் ஒரு சீல் குட்டி கிடக்கிறது. புயல் அலை அதைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிவு.

இருவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் ஓடுவதே அதற்காகத்தான்! கடல் உயிர்களைக் காப்பாற்ற நிதி திரட்டி மாரத்தான் ஓடுபவர்கள் பிரிட்டனில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுடைய கால்களுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஆச்சரியங்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

ஓட இடம் கிடைப்பதே பெரும்பாடு, தெரியுமா?

2026 லண்டன் மாரத்தானுக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல்! ஆனால் 2025-ல் ஓடி முடித்தவர்கள் 56,000 சொச்சம் பேர்தான். குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. தொண்டு அமைப்புகளிடம் கொஞ்சம் இடங்கள் இருக்கும். அமைப்பு இடம் தரும்; ஓடுபவர் இவ்வளவு பணம் திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார். பிறகென்ன, அலுவலகத்தில் கேக் விற்பார், சொந்தபந்தங்களிடம் கை நீட்டுவார், அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டுவார். காண்டாமிருகத்தைக் காக்க, காண்டாமிருக வேடத்தையே சுமந்துகொண்டு முழுத் தூரமும் ஓடுபவர்கள்கூட இருக்கிறார்கள்! 1981-ல் தொடங்கிய இந்த ஒரே ஓட்டம் இதுவரை தொண்டுக்குச் சேர்த்துக் கொடுத்தது 100 கோடி பவுண்டுக்கும் மேல்!

அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது, தெரியுமா?

1908 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து! வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அளந்தால் 42.195 கிலோமீட்டர். 1921-ல் அதுவே நிலையான தூரமாகிவிட்டது. அன்றைக்கு முதலில் அரங்கத்துக்குள் வந்தவர் இத்தாலிக்காரர் டொராண்டோ பியெத்ரி. தள்ளாடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்க்கப் பொறுக்காத அதிகாரிகள் கைத்தாங்கலாக எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். கைகொடுத்ததுதான் வினையாயிற்று! தகுதி நீக்கம்! தங்கம் போனது. மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா அவருக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்.

அதே நகரம், 1981, முதல் லண்டன் மாரத்தான், நல்ல மழை. முன்னணியில் வந்த இருவர், அமெரிக்காவின் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கே சிமோன்சனும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள்! ஒருவர் மட்டும் ஜெயிக்காமல், சேர்ந்தே ஜெயித்தார்கள். பிறருக்காக ஓடும் மாரத்தானுக்கு இதைவிட நல்ல பிள்ளையார் சுழி உண்டா!

ஒரு நோயில் பிறந்த மீட்புப் படை, தெரியுமா?

1988-ல் வடகடல் ஓரத்தில் சீல்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. காரணம் ஒரு வைரஸ். கடலுக்கடியில் முங்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த சிலரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உதவக் கிளம்பினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ' என்ற அமைப்பு. இன்று பிரிட்டன் கடற்கரை முழுக்க அதன் தன்னார்வலர்கள் பரவியிருக்கிறார்கள். ஆசிரியர், தபால்காரர், கல்லூரி மாணவர் என்று யாராகவும் இருக்கலாம். தொலைபேசி அடித்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார்கள்!

தண்ணீர் நிரப்பிய டால்ஃபினை வைத்துப் பயிற்சி, தெரியுமா?

நம்ப மாட்டீர்கள்! தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் நாளில் அசல் அளவில் பொம்மைத் திமிங்கலமும் டால்ஃபினும் கடற்கரைக்கு வரும். உள்ளே தண்ணீரை நிரப்புவார்கள். காற்றை மட்டும் நிரப்பினால் ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடுமே! தண்ணீர் நிறைந்ததும் அது அசல் விலங்கைப் போலவே கனக்கும், சரியும், வழுக்கும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். முழங்கால் வரை குளிர்நீர். ஈரத்துணியை முதுகில் விரிக்கிறார்கள், ஆனால் தலைமேல் இருக்கும் மூச்சுத்துளை மேல் ஒரு நூல்கூடப் படக் கூடாது. துடுப்பு நசுங்காதபடி அதற்கடியில் மணலைக் கையால் தோண்டிக் குழி பறிக்கிறார்கள். வாலைப் பிடித்து இழுப்பது அறவே கூடாது. அடியில் ஒரு விரிப்பைச் செருகி, இரு பக்கமும் காற்றடைத்த மிதவைகளைக் கட்டி, அலை ஏறும் நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள். பொம்மையிடம் கூடச் சத்தம் போட்டுப் பேசுவதில்லை! அசல் விலங்கு மிரண்டுவிடும் என்பதால் அந்த அமைதியையும் சேர்த்தே பழகுகிறார்கள்.

மாரத்தான்காரரும் இதைத்தானே செய்கிறார்? ஏப்ரலில் வரப்போகும் ஒரு நாளுக்காக ஜனவரியிலிருந்து உடம்பைப் பழக்குகிறார். அந்த நாளில் போய் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முடியாது!

பயிற்சிக் காலமும் குட்டிக் காலமும் ஒன்று, தெரியுமா?

உலகத்தில் உள்ள சாம்பல் சீல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டன் கரைகளில்தான் வாழ்கின்றன. குட்டி போடுவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். பிறக்கும்போது எடை சுமார் 14 கிலோ. தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு! மூன்றே வாரத்தில் குட்டி மூன்று மடங்காகிவிடும்! அந்த மூன்று வாரமும் தாய் எதுவும் தின்பதில்லை; தன் உடம்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கிறது. அதன்பின் கிளம்பிவிடும். குட்டி தானாகவே மீன் பிடிக்கக் கற்க வேண்டும்.

இந்த மூன்று வாரத்தில் ஒரு புயல் அடித்தால் போதும், எல்லாம் குலைந்துவிடும். மாரத்தான்காரர்கள் மழையில் நனைந்தபடி தூரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் மீட்பு அழைப்புகள் குவிகின்றன.

இருவருக்கும் ஒரே மருந்து, தெரியுமா?

நீண்ட ஓட்டத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். அதனால் ஓட்டக்காரர்கள் தாது உப்புக் கரைசல் குடிக்கிறார்கள். மீட்கப்பட்ட சீல் குட்டிக்கு முதலில் என்ன தருவார்கள்? மீனா? இல்லை! குழாய் வழியாக அதே போன்ற உப்புக் கரைசல்! வயிறு பழகிய பிறகு மீன் கூழ், அப்புறம் முழு மீன், கடைசியில் தொட்டியில் மற்ற குட்டிகளோடு போட்டி போட்டுப் பிடுங்கித் தின்னும் மீன். ஓட்டக்காரரும் முதல் வாரத்திலேயே 32 கிலோமீட்டர் ஓடுவதில்லையே. இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். தசை சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். அவசரப்பட்டால் எலும்பில் கீறல்!

நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு, தெரியுமா?

சாதாரண மனிதரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும். மாரத்தான் பழகியவருக்கு 50, சிலருக்கு 40. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளுவதால் அடிக்கடி துடிக்கத் தேவையில்லை. ஆனால் நீலத் திமிங்கலத்தின் முன் இதெல்லாம் எம்மாத்திரம்! கலிஃபோர்னியாவின் மாண்டெரே விரிகுடாவில் ஒரு திமிங்கலத்தின் உடலில் கருவியை ஒட்டி அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. ஆழத்தில் முங்கியிருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு வரை இறங்கியது! மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை ஏறியது!

வெடல் சீல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்கும். அதுவும் எப்படி? முங்கும் முன் மூச்சை வெளியே விட்டுவிட்டு! ஆக்சிஜனை அது நுரையீரலில் சேமிப்பதில்லை. ரத்தத்திலும் தசையிலும் சேமிக்கிறது. தசையில் அதைப் பிடித்துவைக்கும் பொருளின் பெயர் மயோகுளோபின். நம் தசையிலும் அது உண்டு. சீல் தசையில் அது அவ்வளவு அடர்த்தி, இறைச்சியே கறுத்துத் தெரியும்!

உயிர் காக்கும் பொருளே உயிரை வாங்கும், தெரியுமா?

2006 ஜனவரி 20. லண்டன் நடுவே, நாடாளுமன்றத்தை ஒட்டி ஓடும் தேம்ஸில் ஒரு திமிங்கலம்! ஆழ்கடலில் கணவாய் தின்று வாழும் இனம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். பாலங்களில் கூட்டம் அலைமோதியது. மறுநாள் மீட்புக் குழுவினர் அதைப் படகில் ஏற்றிக் கடலை நோக்கிக் கிளம்பினார்கள். கடல் வருவதற்குள், அன்று மாலையே அது இறந்துவிட்டது.

காரணம் என்ன? சுற்றிலும் தண்ணீர், ஆனாலும் தாகம்! திமிங்கலத்துக்கு நீர் கிடைப்பது பெரும்பாலும் இரையிலிருந்து. தேம்ஸில் கணவாய்க்கு எங்கே போகும்? உடல் வறண்டது, தசை சிதைந்தது, சிறுநீரகம் தளர்ந்தது. தரை தட்டிய திமிங்கலத்தைத் தன் எடையே நசுக்கும். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அளவுக்கு மீறி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்ட மனிதருக்கும் இதே ஆபத்து வரும்! அதனால்தான் மீட்பில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்தத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

நம் கரையிலும் நடந்திருக்கிறது, தெரியுமா?

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இரவென்றும் பாராமல் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன! கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாத இனம் அது. 1973-லும் இதே கரையில், இதே ஜனவரி மாதத்தில் 140-க்கும் மேற்பட்டவை ஒதுங்கியிருக்கின்றன!

2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் நூற்றுக்கும் மேல் வந்து ஒதுங்கின. கொரோனா ஊரடங்கு நேரம். ஊர் இளைஞர்களும் கடற்படையும் கழுத்தளவு நீரில் இறங்கி, விடிய விடிய ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். சிலவற்றைத் தவிர எல்லாம் பிழைத்துக் கடலுக்குப் போயின!

தள்ளிவிடாமல் இருப்பதும் உதவிதான், தெரியுமா?

திமிங்கலத்தைத் தள்ளுகிறோமே என்று சீலையும் தண்ணீருக்குள் தள்ளிவிடாதீர்கள்! சீல் ஓய்வெடுக்கவே கரைக்கு வரும். தூரத்தில் நின்று கவனித்து, மீட்பவர்களுக்குச் சொன்னால் போதும். நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டே போனால் கடிக்கும், அந்தக் கடி லேசில் ஆறாது. பார்த்ததும் பாயாமல் இருக்கவும் பயிற்சி வேண்டும்!

இருவரும் ஒரே நேரத்தில் தயாராகிறார்கள், தெரியுமா?

மாரத்தானுக்குக் கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். கால்கள் துடிக்கும், ஆனாலும் ஓய்வு. அந்த நாட்களில் மீட்பு மையத்தில் சீல் குட்டி சுமார் 40 கிலோ ஏறி, தானே மீன் பிடித்துத் தின்று, தோல் பளபளக்க நிற்கும். ஒரு காலையில் அதைக் கூண்டில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டு போவார்கள். கதவு திறக்கும். குட்டி ஒரு நொடி தயங்கும், மணலில் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து நகரும், முதல் அலை முகத்தில் பட்டதும் ஒரே பாய்ச்சல்!

லண்டனில் அந்தப் பெண், 2006-ல் திமிங்கலம் வந்த நதியோரமாகவே கடைசி மைல்களை ஓடிக்கொண்டிருப்பார். குட்டியை அவர் பார்த்ததில்லை, குட்டிக்கு அவரைத் தெரியாது. ஆனால் அதன் முதல் வாய்க் கரைசலில், அதைச் சுற்றிய துண்டில், அதைத் தூக்கப் பழகிய கைகளில் அவருடைய இருட்டுக் காலைகள் எல்லாம் இருக்கின்றன! ஜனவரியில் அவர் வைத்த ஒவ்வொரு அடியும் அதை நோக்கித்தான் போனது.